பழைய கேசட்டில் இருக்கும் பின்னணி இசையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை, பிடித்த பாடல்களைச் சேர்ப்பது. பாடல் என்றால் பிரச்சினை இல்லை. படத்தின் பெயரை டைப் செய்தால் போதும், ஐந்து பாடல்களும் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அதே படத்தில் ரயில் கிளம்பும்போது ஒலித்த அந்தப் புல்லாங்குழலைத் தேடிப் பாருங்கள். பல படங்களுக்கு அது கிடைக்காது. காரணம், அது தனியாக வெளியிடப்படவே இல்லை.

அந்த இசை நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கேசட்டிலோ விசிடியிலோ இருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பாதுகாப்பாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது, பெயரிட்டு வைப்பது, சட்டச் சிக்கல் இல்லாமல் நண்பர்களுடன் பகிர்ந்து கொள்வது ஆகிய மூன்றையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பெரிய செலவு இல்லை. ஒரு வயர், ஓர் இலவச சாப்ட்வேர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

பின்னணி இசை ஏன் தனியாகக் கிடைப்பதில்லை?

வெளிநாடுகளில் பின்னணி இசையையே விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை, அந்த ஆண்டே இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பாக வந்துவிட்டது. ஜப்பானில் வீடியோ கேம் இசைக்குக்கூட 1984-லேயே 'வீடியோ கேம் மியூசிக்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியானது. ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படங்களுக்கு ஜோ ஹிசாய்ஷி அமைத்த இசையும் தனித் தொகுப்புகளாகக் கடைக்கு வந்தது. அங்குள்ள ரசிகருக்குக் கடையில் வாங்கி நண்பருக்குக் கொடுக்க ஒரு பொருள் இருந்தது.

தமிழில் கதை வேறு. இங்கே இசைத்தட்டும் கேசட்டும் பாடலுக்காகவே போடப்பட்டன. 'பம்பாய்' (1995) படத்தின் கருப்பொருள் இசை பாடல்களோடு சேர்ந்து வெளிவந்ததைப் போன்றவை விதிவிலக்குகள். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் பாடலே கிடையாது. இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்ற கருவியிசைத் தொகுப்பிலிருந்து எடுத்த இசையே அந்தப் படத்தில் ஒலித்தது. தனித் தொகுப்பாக ஏற்கெனவே வந்துவிட்டதால், அந்த இசையை இன்றும் தெளிவாகக் கேட்க முடிகிறது. எல்லாப் படத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அரசே இதைத் தனிக் கலையாகக் கவனிக்க நாளாயிற்று. தேசியத் திரைப்பட விருதுகளில் பின்னணி இசைக்கென்று தனி விருது, 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில்தான் தொடங்கியது. முதலில் பெற்றவர் இளையராஜா, 'பழசி ராஜா' என்ற மலையாளப் படத்துக்காக. தஞ்சைப் பகுதிக் கரகாட்டக் கலைஞர்களின் கதையைச் சொன்ன 'தாரை தப்பட்டை' படத்துக்கும் அதே விருது அவருக்குக் கிடைத்தது.

இசை எங்கே ஒளிந்திருக்கிறது?

உங்கள் வீட்டில் தேட வேண்டிய இடங்கள் மூன்று.

ஒன்று, கதை வசன கேசட். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டினால், பாட்டோடு படத்தின் கதை வசனத்தையும் போடுவார்கள். டெல்டா கிராமங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், முழுப் படத்தையும் வசனமாக ஒப்பிப்பார்கள். அந்த கேசட்டில் வசனத்தோடு பின்னணி இசையும் சேர்ந்தே இருக்கும்.

இரண்டு, வானொலியிலிருந்து வீட்டிலேயே பதிவு செய்த கேசட். திரைப்படத்தின் ஒலியைச் சுருக்கித் தரும் ஒலிச்சித்திரம் வானொலியில் பிரபலமாக இருந்தது. டூ-இன்-ஒன் வைத்திருந்தவர்கள் ரெக்கார்ட் பட்டனை அழுத்திக் காத்திருப்பார்கள். இந்த கேசட்டுகள்தான் மிக முக்கியம். கடையில் வாங்கியதற்கு வேறு பிரதி எங்காவது இருக்கும். கையால் எழுதிய லேபிள் ஒட்டிய கேசட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

மூன்று, விசிடி மற்றும் டிவிடி. இதில் ஒலியின் தரம் கேசட்டைவிட நன்றாக இருக்கும். ஆனால் இசைக்கு மேல் வசனம் வந்து உட்கார்ந்திருக்கும். டைட்டில் ஓடும் நேரம், பயணக் காட்சி, பேச்சில்லாத கிளைமாக்ஸ் ஆகிய இடங்களில்தான் சுத்தமான இசை கிடைக்கும். வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) இதில் தனி ரகம். எல். வைத்தியநாதனின் இசை படம் முழுக்கப் பேச்சின் குறுக்கீடு இல்லாமல் வருகிறது.

பெரியப்பாவின் கேசட்

பாடம் தொடங்குவதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது.

ஒரத்தநாட்டில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய கேசட் இருந்தது. பாதிக்கு மேல் வானொலியிலிருந்து அவரே பதிவு செய்தவை. 2017-ல் கல்லூரி விடுமுறைக்குப் போனபோது நான்கு கேசட்டை என் லேப்டாப்புக்கு மாற்றினேன். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் பெரியப்பா தன் குரலில் படத்தின் பெயர், தேதி, கிழமை எல்லாம் சொல்லியிருந்தார். நான் அப்போது இன்ஜினியரிங் மூளைக்காரன். இசைதானே வேண்டும் என்று அவர் குரலை எல்லா இடத்திலும் வெட்டிவிட்டேன். மிச்சத்தை எம்பி3 ஆக்கி, 'டிராக் 1', 'டிராக் 2' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். வெட்டாத பதிவை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பெட்டிதான் வீட்டில் இருக்கிறதே என்ற தைரியம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பெரியப்பா வீட்டு ஓடு பறந்து பரணில் இருந்த பெட்டி நிறையத் தண்ணீர். விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி, கரண்டு வந்து, கேசட் ஞாபகம் வந்து பெட்டியைத் திறந்தபோது டேப் எல்லாம் ஒட்டிப் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்றும் ஓடவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது பத்தொன்பது எம்பி3. அவற்றில் ஆறு என்ன படம் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியப்பாவும் இப்போது இல்லை. படத்தின் பெயரைச் சொன்ன குரலைத்தான் நான் முதலில் வெட்டியிருந்தேன்.

எனவே இந்தப் பாடத்தின் முதல் விதி: முதல் பதிவை வெட்டாதீர்கள். வேலை செய்வதெல்லாம் அதன் நகலில்தான்.

என்னென்ன தேவை?

1. நன்றாக ஓடும் கேசட் பிளேயர். 'லைன் அவுட்' உள்ளதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஹெட்போன் ஓட்டை போதும்.

2. இரு முனையிலும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் உள்ள வயர்.

3. கம்ப்யூட்டரில் 'லைன் இன்'. டெஸ்க்டாப்பின் பின்புறம் நீல நிறத்தில் இருப்பது இதுதான். ரோஸ் நிறத்தில் இருப்பது மைக். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான் இருக்கும். அது மைக்குக்கானது, மோனோவாக மட்டுமே பதிவாகும். கேசட் பிளேயரின் ஒலி அதற்கு மிக அதிகம் என்பதால் இரைச்சலாகவும் பதிவாகும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோ லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள். மைக் ஓட்டை மட்டும் உள்ள அடாப்டர் வேண்டாம். கடையில் கேட்டு உறுதி செய்த பிறகு வாங்குங்கள்.

4. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். 2000-ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கிக் கொள்ளுங்கள். மற்ற தளங்களில் இறக்கினால் வேண்டாத புரோகிராம்களும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும்.

கேசட்டைத் தயார் செய்யுங்கள்

பல வருடம் ஓடாத கேசட்டை நேராகப் போட்டு ஓட்டக் கூடாது. முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டேப் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதை பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே எடுத்து வையுங்கள்.

பூஞ்சை இல்லையென்றால், டேப்பின் நடுவில் இருக்கும் சிறு பஞ்சுத் திண்டு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பென்சிலை விட்டு இரண்டு சுற்று சுற்றி டேப் இளகுகிறதா என்று சோதியுங்கள். பிறகு ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பவும் முதலுக்குச் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்கு காய்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள்.

கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் பட்டைகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

முதலில் முக்கியமில்லாத ஒரு கேசட்டைப் போட்டுப் பழகுங்கள். பிளேயர் டேப்பை மென்றுவிடும் குணம் உள்ளதா என்று அப்போது தெரிந்துவிடும்.

ஆடாசிட்டியில் செட்டிங்

ஆடாசிட்டியைத் திறந்து 'ஆடியோ செட்டப்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 'ரெக்கார்டிங் டிவைஸ்' என்பதில் லைன் இன் அல்லது உங்கள் யுஎஸ்பி அடாப்டரின் பெயரைத் தேர்வு செய்யுங்கள். 'ரெக்கார்டிங் சேனல்ஸ்' என்பதில் 2, அதாவது ஸ்டீரியோ. சாம்பிள் ரேட் 44100 ஹெர்ட்ஸ்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஒலி என்பது தொடர்ந்து ஏறி இறங்கும் அலை. கம்ப்யூட்டர் அந்த அலையை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாகக் குறித்துக் கொள்கிறது. ஆடியோ சிடியில் பயன்படுவதும் இதே அளவுதான். கேசட்டுக்கு இது தாராளம்.

அடுத்து விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில், நீங்கள் தேர்வு செய்த ரெக்கார்டிங் டிவைஸுக்குரிய பக்கத்துக்குப் போய் 'ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த வசதி மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காக வைக்கப்பட்டது. மெல்லிய வயலினை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

ஒலி அளவை எப்படி வைப்பது?

கேசட்டில் மிகச் சத்தமாக வரும் பகுதியை ஓட விடுங்கள். ஆடாசிட்டியின் மேலே ரெக்கார்டிங் மீட்டர் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் மீட்டர் ஆடத் தொடங்கும். உச்சத்தில் மைனஸ் 6 டெசிபல் பக்கம் வரும்படி பிளேயரின் வால்யூமைக் கூட்டிக் குறையுங்கள்.

பூஜ்யத்தைத் தொடவே கூடாது. கேசட்டில் சத்தம் கொஞ்சம் கூடினால் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் பூஜ்யத்துக்கு மேல் எண்ணே கிடையாது. அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு முழுமையாகச் சரி செய்ய முடியாது. சத்தம் குறைவாக இருந்தால் பின்னால் கூட்டிக் கொள்ளலாம்.

'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்கிறதா? அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு முன் பேட்டரியை முழுதாக ஏற்றிக் கொள்ளுங்கள்.

பதிவு செய்யுங்கள்

முதலில் 'ஃபைல்' மெனுவில் 'சேவ் புராஜெக்ட்' கொடுத்து, கேசட்டின் லேபிளில் உள்ளதை அப்படியே பெயராக வையுங்கள். பிறகு கீபோர்டில் 'ஆர்' கீயை அழுத்தி, அதன் பிறகு கேசட் பிளேயரில் பிளே பட்டனை அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். கேசட்டின் தொடக்கத்தில் யாராவது ஏதாவது பேசியிருக்கலாம்.

60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். 90 என்றால் 45. இடையில் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பதிவாக இருக்கட்டும். பிடித்த இசை வரும் இடத்தில் கண்ட்ரோல் கீயுடன் 'எம்' கீயை அழுத்தினால், அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். அதில் ஒரு குறிப்பை டைப் செய்யலாம். பிறகு தேட வேண்டியதில்லை. முடிந்ததும் ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள்.

ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும்? கணக்குப் பார்ப்போம். ஆடாசிட்டி வேலை செய்யும்போது 32 பிட்டில் பதிவதால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 21 எம்பி ஆகும். 90 நிமிட கேசட்டின் இரு பக்கமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 2 ஜிபி. பதிவு முடிந்து 16 பிட் வேவ் ஃபைலாகச் சேமித்தால் நிமிடத்துக்கு 10 எம்பி பக்கம், மொத்தம் சுமார் 950 எம்பி. தொடங்கும் முன் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஃபார்மட்டில் சேமிப்பது?

வேவ்: எதையும் சுருக்காமல் அப்படியே வைப்பது. அதிக இடம் பிடிக்கும்.

ஃபிளாக்: 2001-ல் வெளிவந்தது. ஜிப் ஃபைல் போல ஒரு துளிகூட இழக்காமல் சுருக்கும். வேவ் ஃபைலில் ஏறத்தாழ பாதி அளவு ஆகும். முழுப் பதிவைப் பத்திரப்படுத்த இதுவே சரி.

எம்பி3: காதுக்குச் சரியாகக் கேட்காத பகுதிகளைத் தூக்கி எறிந்து சுருக்கும். 128 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பிதான். எறிந்தது திரும்பி வராது. எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். செல்போனில் கேட்பதற்கு மட்டும் இதை வைத்துக் கொள்ளுங்கள். அதற்கும் 192 கேபிபிஎஸ் வைத்தால் சுருதி சுத்தமாகக் கேட்கும்.

எனவே முதலில் முழுப் பதிவையும் ஃபிளாக் ஆக எக்ஸ்போர்ட் செய்து, 'மூலம்' என்ற ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். இனி அதைத் தொடக் கூடாது.

வெட்டுவதும் துடைப்பதும்

இப்போது நகலைத் திறந்து வேலை செய்யலாம். மவுஸை இழுத்து வேண்டிய பகுதியைத் தேர்வு செய்யுங்கள். தேர்வு செய்த பகுதியை மட்டும் தனி ஃபைலாகச் சேமிக்கும் வசதி எக்ஸ்போர்ட் பிரிவில் இருக்கிறது. திடீரென்று தொடங்கித் திடீரென்று முடியாமல் இருக்க, தொடக்கத்தில் ஒரு விநாடிக்கு 'ஃபேட் இன்', முடிவில் இரண்டு மூன்று விநாடிக்கு 'ஃபேட் அவுட்' கொடுங்கள்.

டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தைக் குறைக்க 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' உண்டு. இசையே இல்லாத ஒரு விநாடியைத் தேர்வு செய்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுங்கள். பிறகு முழுவதையும் தேர்வு செய்து மறுபடி அதே எஃபெக்ட்டைக் கொடுங்கள். குறைக்கும் அளவை 6 டெசிபலுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆசைப்பட்டு 20 வைத்தால் இரைச்சலோடு வயலினின் நுனியும் புல்லாங்குழலின் மூச்சும் போய்விடும். தண்ணீருக்குள் வாசித்தது போலக் கேட்கும்.

சுருதி மாறியிருக்கிறதா? பழைய பிளேயர்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் 6 சதவீதம் கூடினால், ஆர்மோனியத்தில் ஒரு கட்டை தள்ளி அடுத்த கட்டையை அழுத்தியது போல இசை மேலே போய்விடும். 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' என்ற எஃபெக்ட்டில் சரி செய்யலாம். டிவிடியிலும் இந்தச் சிக்கல் உண்டு. சினிமா விநாடிக்கு 24 பிரேம். பால் முறை டிவிடிகளில் பெரும்பாலும் அதை 25 பிரேமாக ஓட்டுவார்கள். இசை 4 சதவீதம் வேகமாகவும் சற்று உயரமான சுருதியிலும் கேட்கும். அந்த எஃபெக்ட்டில் 0.96 என்று கொடுத்தால் பழைய நிலைக்கு வரும்.

வசனத்தை மட்டும் நீக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். குரலையும் இசையையும் பிரிக்கும் செயற்கை அறிவு சாப்ட்வேர்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. முயன்று பார்க்கலாம். ஆனால் குரல் இருந்த இடத்தில் இசை சற்றுத் தேய்ந்தது போல இருக்கும். எனவே பிரித்ததற்கு 'பிரித்தது' என்று பெயரிலேயே குறியுங்கள். நாளை கேட்பவர் அதுதான் அசல் என்று நினைத்துவிடக் கூடாது.

பெயர் வைப்பதுதான் பாதி வேலை

ஃபைல் பெயரை இந்த வரிசையில் வையுங்கள்: ஆண்டு, படம், இசையமைப்பாளர், எண். உதாரணமாக, '1987-பேசும் படம்-எல். வைத்தியநாதன்-01'. ஆண்டு முதலில் இருந்தால் ஃபோல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

ஃபைலின் உள்ளேயும் பெயர் எழுதலாம். இதற்கு டேக் என்று பெயர். எம்பி3-இன் பழைய டேக் முறையில் படத்தின் பெயருக்கு 30 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியே 3 பைட். 'புன்னகை மன்னன்' என்று எழுத 40 பைட் வேண்டும். பாதிப் பெயர் வெட்டுப்பட்டு நிற்பதற்கு இதுவே காரணம். ஐடி3 இரண்டாம் பதிப்பு டேக்கில் இந்தத் தொல்லை இல்லை. 'எம்பி3டேக்' என்ற இலவச சாப்ட்வேரில் தமிழிலேயே நேராக டைப் செய்யலாம்.

பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் பெயர் எழுதிய ஃபைல்கள் இருந்தால், இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

'கமெண்ட்' என்ற இடத்தை வீணாக்காதீர்கள். எந்த கேசட், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், எப்போது மாற்றினீர்கள் என்பதை அங்கே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். தவறான பெயர் பத்துப் பேரிடம் போய்விட்டால், சரியான பெயரைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நண்பர்களுடன் பகிரலாமா?

அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த கேசட்டிலிருந்து நண்பர் ஒரு நகல் எடுப்பார். அதிலிருந்து இன்னொருவர். நகலுக்கு நகல் இரைச்சல் கூடும். கம்ப்யூட்டரில் ஆயிரமாவது நகலும் முதல் நகலைப் போலவே இருக்கும். அதனால்தான் இங்கே பொறுப்பும் கூடுகிறது.

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை விலக்காக வைத்திருக்கிறது. அதே ஃபைலை எல்லோரும் இறக்கிக் கொள்ளும்படி போடுவது வேறு விஷயம். ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. இசையமைத்தவருடைய உரிமை அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

அப்படியானால் ரசிகர்கள் எதைத்தான் பகிர்வது? லிஸ்டைப் பகிருங்கள். ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து இந்தத் தலைப்புகளைப் போடுங்கள்: படம், ஆண்டு, இசையமைப்பாளர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், காட்சி, கேட்கும் கருவிகள், வசனம் உண்டா இல்லையா. இதை அனுப்பினால், நண்பர் தன்னிடம் உள்ள டிவிடியிலோ, படம் முறையாகக் கிடைக்கும் இடத்திலோ போட்டு அதே இடத்தைக் கேட்டுக் கொள்வார்.

காட்சியையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு சொன்ன 24, 25 பிரேம் வித்தியாசத்தால், இரண்டரை மணி நேரப் படம் ஒரு டிவிடியில் 150 நிமிடமும் இன்னொன்றில் 144 நிமிடமும் ஓடும். நேரத்தை மட்டும் எழுதினால் கடைசியில் ஆறு நிமிடம் தள்ளிப் போய்விடும். 'மழையில் குடையை மடக்கும் இடம்' என்று எழுதினால் எந்தப் பிரதியிலும் கண்டுபிடிக்கலாம்.

கேம் இசையில் ஆர்வமுள்ளவர்களுக்கும் இதே லிஸ்ட் முறை பொருந்தும். ஒரு கூடுதல் தகவல்: 1990-களின் சில கம்ப்யூட்டர் கேம் சிடிகளில் இசை சாதாரண ஆடியோ சிடி டிராக்குகளாகவே இருக்கும். 1996-ல் வந்த 'குவேக்' அப்படிப்பட்டது. பழைய கேம் சிடி இருந்தால் எறியாதீர்கள். அதில் உள்ள இசையை ஆடியோ சிடியைப் போலவே கேட்கலாம்.

கடைசியாகச் சரிபாருங்கள்

• மூலப் பதிவு ஃபிளாக் ஆக, வெட்டாமல் இருக்கிறதா?
• அதன் இன்னொரு பிரதி வேறு ஒரு ஹார்ட் டிஸ்கில், முடிந்தால் வேறு ஒரு வீட்டில் இருக்கிறதா? கடலோர மாவட்டத்துக்காரர்கள் இதைத் தவறவிடக் கூடாது.
• கேசட் அட்டையையும் லேபிளையும் செல்போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டீர்களா?
• கேசட்டை முழுவதும் சுற்றி, நிறுத்தி வைத்த நிலையில், பரணில் அல்லாமல் அலமாரியில் வைத்தீர்களா?
• பதிவு செய்தவர் உயிருடன் இருந்தால் அவரிடம் பேசினீர்களா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அவசரமானது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து கேசட்டை ஓட விடுங்கள். இது என்ன படம், எந்த வருடம், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல டைப் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கேசட்டோடு தொடங்குங்கள். கையெழுத்து லேபிள் உள்ளதை முதலில் எடுங்கள்.